மந்தையும் மனிதரும்: புற்று விளைக்கும் இரு றெற்றோவைரசுகள் பற்றிய சில குறிப்புகள்

1969ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்து மிருகவைத்திய ஆய்வாளர் சிலர், நிணநீர்க் கட்டிகளாற் பீடிக்கப்பட்ட மாடுகளின் குருதியிலிருந்து பிரித்தெடுத்து வளர்த்த வெண்குழியங்களிலே வைரசுத் துணிக்கைகளைக் கண்டனர். பதினொரு ஆண்டுகளின் பின்னர், 1980இலே, அந்நாட்டுத் தேசியப் புற்றுநோய் நிறுவகத்தின் ஆய்வுகூடம் ஒன்று மனிதரிலே புற்றுநோயை விளைவிக்கும் முதலாவது றெற்றோவைரசை அறிவித்தது. முன்னையது மாட்டு வெண்குருதிப்புற்று வைரசு எனப்படும். பின்னையது மனித ரி-குழிய வைரசு, முதலாம் வகை, சுருக்கமாக எச்.ரி.எல்.வி.-1. யப்பானிய ஆய்வாளர் 1985இலே மாட்டு வைரசின் பரம்பரைப் பொருளை முழுமையாக வாசித்து வெளியிட்டபோது, இவ்விரண்டும் ஒரே குடும்பத்தின் ஒரே கிளையைச் சேர்ந்த நெருங்கிய உறவினர் என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாயிற்று.

உயிரியல் நிலையில் இத்துணை ஒத்த இவ்விரு வைரசுகளின் சமூக வரலாறு முற்றிலும் வேறானது. மேற்கு ஐரோப்பிய நாடுகளிற் பெரும்பாலானவற்றின் மந்தைகளிலிருந்து மாட்டு வைரசு ஒழிக்கப்பட்டுவிட்டது. மனித வைரசோ எந்தவொரு நாட்டின் மக்களிடமிருந்தும் இன்றுவரை ஒழிக்கப்படவில்லை. இவ்வேறுபாட்டுக்கான காரணத்தை வைரசினுள்ளே தேடினால் அது பாதியளவே கிடைக்கும். மறுபாதியை உற்பத்தி உறவுகளிலேயே தேடவேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடாகும்.

புற்றுநோய் வைரசுகளின் கதை பொதுவாகக் கோழிகளிலிருந்து தொடங்கப்படுவதுண்டு. 1908இலே கொப்பன்ஹேகனில் எல்லர்மன், பாங் என்னும் இருவர், கோழிகளின் வெண்குருதிப்புற்றைக் கலங்கள் நீக்கப்பட்ட வடிதிரவத்தின் மூலம் பிற கோழிகளுக்குத் தொற்றச் செய்யலாம் எனக் காட்டினர். அக்காலத்தில் வெண்குருதிப்புற்று, புற்றுநோயாகவே கருதப்படாமையால் அவர்களது முடிவு கவனிக்கப்படாது போயிற்று. 1911இலே நியூயோர்க்கின் ரொக்கபெலர் நிறுவகத்தில் பெய்ற்றன் றவுஸ் கோழியின் திண்மக் கட்டியொன்றை அதே வகையிற் கடத்திக் காட்டினார். இதுவும் கோழிகளுக்கே உரிய விசித்திரம் என ஒதுக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அவரே அத்துறையைக் கைவிட்டு வேறு ஆய்வுகளுக்குச் சென்றார். அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1966இலே, அவரது எண்பத்தேழாவது வயதில். அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட இத்தாமதத்தைத் தனிமனிதரின் குறுகிய பார்வையாகக் கொள்வது போதாது. தொற்று என்பது வறியோரின் நோய், புற்று என்பது உடலின் உள்ளார்ந்த சீரழிவு என்ற ஒரு பகுப்பு அன்றைய மருத்துவச் சிந்தனையில் ஊறிக் கிடந்தது. இரண்டையும் ஒன்றாகக் காண்பதற்கு அச்சிந்தனைச் சட்டகத்தில் இடமிருக்கவில்லை.

றெற்றோவைரசு என்னும் பெயரின் பொருளை இங்கு விளக்குவது தகும். கலங்களிலே பரம்பரைச் செய்தி டீ.என்.ஏ. என்னும் நீண்ட மூலக்கூறிலே பொறிக்கப்பட்டுள்ளது. அது ஆர்.என்.ஏ. ஆகப் படியெடுக்கப்பட்டு, பின்னர் புரதமாகின்றது. செய்தி செல்லும் திசை இதுவே என்றும், திரும்பிச் செல்லாது என்றும் பாடநூல்கள் கூறிவந்தன. விஸ்கொன்சினில் ஹவார்ட் ரெமின் 1964இலேயே இதற்கு மாறான கருத்தை முன்வைத்தார். றவுஸின் கோழி வைரசு ஆர்.என்.ஏ. வடிவில் உட்புகுந்து, கலத்தினுள்ளே டீ.என்.ஏ. ஆக மாறி, கலத்தின் சொந்தப் பரம்பரையலகுகளுடன் தன்னையும் பொருத்திக்கொள்கிறது என்றார் அவர். ஆறு ஆண்டுகள் அக்கருத்தை ஏற்றோர் மிகச் சிலரே. 1970 யூன் மாதத்திலே ரெமினும் மிசுற்றானியும் ஒரு புறமும், டேவிட் பால்ரிமோர் தனியாக மறு புறமும், அவ்வாறு மறுதிசையிற் படியெடுக்கும் நொதியத்தைக் கண்டுபிடித்து வெளியிட்டனர். பின்னோக்கிச் செயற்படும் இந்நொதியத்தைக் கொண்டவையே றெற்றோவைரசுகள்.

இக்கண்டுபிடிப்பை இயற்கையின் இயக்கவியலுக்குக் கிடைத்த நேரடிச் சான்று எனக் கூறிவிடும் ஆவல் நம்மவர் சிலருக்கு எழக்கூடும். அவ்வாவல் அடக்கப்படவேண்டியது. பிரான்சிஸ் கிறிக் தமது மூலக் கூற்றிலே ஆர்.என்.ஏ.இலிருந்து டீ.என்.ஏ.க்குச் செய்தி செல்வதைத் தடைசெய்யவில்லை என்பதை 1970இலேயே எடுத்துக்காட்டினார். தத்துவத்தை முன்னரே தீர்மானித்துக்கொண்டு இயற்கையை அதற்கேற்ப வளைத்தமையால் லைசென்கோ காலத்திலே சோவியத் உயிரியலுக்கு நேர்ந்த சேதம் மார்க்சியர் மறக்கக்கூடியதன்று. மார்க்சிய நோக்கு இங்கு பயன்படும் இடம் வேறு. மூலக்கூறுகளின் நடத்தையை அது நமக்குச் சொல்லித்தராது. அவற்றைப் பற்றிய அறிவு யாரால், எதற்காக உற்பத்தி செய்யப்பட்டு, யாருக்குச் சென்று சேர்கிறது என வினவ அது கற்றுத்தரும்.

ரெமின் 1975இலே நோபல் பரிசு பெற்றபோது, விருந்து மண்டபத்திலே புகைபிடித்துக்கொண்டிருந்த பிரமுகர்கள் முன்னிலையில், புற்றுநோயைத் தடுக்கக் கைவசமுள்ள பெருவழியான புகைத்தல் ஒழிப்பு கைக்கொள்ளப்படவில்லையே எனச் சினந்து பேசினார். வைரசை ஆராய்ந்து பரிசு பெற்ற ஒருவர் புகையிலையைப் பற்றிப் பேசினார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஏனெனில் அதே ஆண்டுகளில் அமெரிக்க அரசு புற்றுநோயின் காரணத்தை வைரசுகளிலே தேடுவதில் பெருந்தொகைப் பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்தது. 1964இலே தொடங்கிய விசேட வைரசுப் புற்றுநோய்த் திட்டம், 1971 டிசம்பரில் நிக்சன் கையொப்பமிட்ட தேசியப் புற்றுநோய்ச் சட்டத்தின் பின்னர் மேலும் ஊட்டம் பெற்றது. வியட்நாமிலே போர் நடத்திக்கொண்டிருந்த அரசு உள்நாட்டிலே புற்றுநோயின் மீது போர் தொடுத்ததாக மக்கள் பேசிக்கொண்டனர். திட்டத்தின் பணம் பெரும்பாலும் ஒப்பந்தங்களாகவே வழங்கப்பட்டது. தனியார் கம்பனிகளும் அவற்றைப் பெற்றன. நோர்ட்டன் சிண்டர் தலைமையிலான குழு 1974இலே இத்திட்டத்தை ஆராய்ந்து, ஒப்பந்தங்களைத் தீர்மானிப்போரும் அவற்றாற் பயனடைவோரும் ஒரே சிறு வட்டத்தினராய் இருப்பதைக் கடுமையாகக் கண்டித்தது. மனித வைரசு ஒன்றைக் கண்டதாகச் செய்தி வருவதும், அது எலியினதோ குரங்கினதோ வைரசு ஆய்வுகூடக் கலத்திற் கலந்தமையால் விளைந்த மயக்கம் என்று தெரியவருவதும் வழக்கமாயின. றொபேட் கலோவின் ஆய்வுகூடம் 1970களின் நடுப்பகுதியில் அறிவித்த வைரசும் குரங்கு வைரசுகளின் கலப்பு எனக் கண்டறியப்பட்டது. தசாப்தத்தின் இறுதியில், மனிதரிலே அத்தகைய வைரசு இல்லை என்பதே அத்துறையிற் பலரது முடிவாயிருந்தது.

கலோவின் ஆய்வுகூடத்துக்கு வழிதிறந்தது வேறொரு கண்டுபிடிப்பு. நிணநீர்க்குழியங்களுள் ஒரு வகையான ரி-குழியங்களை உடலுக்கு வெளியே நீண்டகாலம் வளர்க்க உதவும் பதார்த்தமொன்றை மோர்கனும் றுசெற்றியும் அவரும் 1976இலே அங்கு இனங்கண்டனர். அதனைக் கொண்டு பேர்னார்ட் பொயேஸ் முதலியோர், தோலைத் தாக்கும் ரி-குழியப் புற்றினால் வருந்திய கறுப்பின நோயாளி ஒருவரின் குழியங்களை வளர்த்து எச்.ரி.எல்.வி.யைப் பிரித்தெடுத்தனர்.

இதே காலத்தில் யப்பானிலே முற்றிலும் வேறான திசையிலிருந்து ஓர் ஆய்வு வளர்ந்து வந்தது. கியோத்தோவிலே தக்கற்சுக்கியும் அவரது சகாக்களும் 1977இலே பதினாறு நோயாளிகளைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டனர். வயதுவந்தோரைத் தாக்கி விரைந்து கொல்லும் புதுவகை வெண்குருதிப்புற்று அது. குழியங்களின் கருக்கள் பூவிதழ்கள் போற் பிரிந்து காணப்பட்டன. அதனைவிடக் குறிப்பிடத்தக்கது, கியோத்தோவிற் சிகிச்சை பெற்ற அந்நோயாளிகளிற் பெரும்பாலோர் தென்மேற்கேயுள்ள கியூசுத் தீவிலே பிறந்தவர் என்பது. நோயாளியை ஒரு குருதி மாதிரியாக மட்டும் கொள்ளாது, எந்த ஊரிற் பிறந்தவர் என்று வினவிய இந்த அணுகுமுறையே வைரசின் சமூகப் புவியியலை வெளிக்கொணர்ந்தது. 1981இலே ஹினுமா, மியோசி உருவாக்கியிருந்த கல வளர்ப்பைப் பயன்படுத்தி, இந்நோயாளர் அனைவரின் குருதியிலும் குறித்தவொரு வைரசுக்கு எதிரான பிறபொருளெதிரி உண்டு எனவும், நோய் மிகுந்த பிரதேசங்களிலே பரிசோதிக்கப்பட்ட உடல்நலமுள்ள வயதுவந்தோரில் ஏறத்தாழ 26 சதவீதத்தினரிடமும் அது உண்டு எனவும் காட்டினார். அடுத்த ஆண்டுகளில் யோசிதாவும் சகாக்களும் அவ்வைரசு நோயாளியின் கட்டிக் கலங்களின் டீ.என்.ஏ.இலே பொருந்தியிருப்பதைக் காட்டி, அதன் முழு ஒழுங்கையும் வாசித்தனர். அமெரிக்க வைரசும் யப்பானிய வைரசும் ஒன்றே என்பது தெளிவாயிற்று. 1982இலே லண்டனில் கற்றோவ்ஸ்கி, கரிபியன் தீவுகளிலிருந்து குடிபெயர்ந்த கறுப்பினத்தவரிடம் இதே நோயைக் கண்டார்.

வைரசின் பூர்வீகம் பற்றி எழுந்த விவாதமும் கவனிக்கற்பாலது. ஆபிரிக்காவிலே தோன்றிய இவ்வைரசைப் பதினாறாம் நூற்றாண்டின் போர்த்துக்கீச வணிகர், தம்முடன் கொண்டுவந்த ஆபிரிக்கரும் குரங்குகளும் வாயிலாக யப்பானின் தென்பகுதிக்குக் கொண்டுவந்தனர் என 1983 அளவிலே கலோ ஊகித்தார். ஆயின் வடகோடியிலே வாழும் அயினு மக்களிடமும், பின்னர் பப்புவா நியூகினி, மத்திய அவுஸ்திரேலியா ஆகிய இடங்களின் ஆதிக்குடிகளிடமும் இவ்வைரசின் வகைகள் காணப்பட்டபோது அவ்வூகம் நிலைகுலைந்தது. குரங்குகளிடமிருந்து மனிதருக்குப் பல தடவை, பல இடங்களிற் கடந்த மிகப் பழைய வைரசு இது என்பதே இன்றைய கருத்து. அமெரிக்கக் கண்டத்தைப் பொறுத்தவரை கதை வேறு. கரிபியனிலும் பிரேசிலின் பாகியாவிலும் இது பரவியிருப்பதற்கு அட்லாண்டிக் அடிமை வாணிபமே பிரதான காரணம் என்பது பெரிதும் ஏற்கப்பட்ட விளக்கம். கரும்புத் தோட்டங்களுக்கென மனிதரைப் பண்டமாகக் கப்பலேற்றிய வாணிபம் தன் தடத்தை அவர்தம் சந்ததியாரின் வெண்குழியங்களிலும் விட்டுச் சென்றுள்ளது.

இனி இவ்விரு வைரசுகளும் தொழிற்படும் முறையை நோக்குவோம். றவுஸின் கோழி வைரசு, கலத்தைப் புற்றாக்கும் ஒரு பரம்பரையலகைத் தன்னுடன் சுமந்து செல்வது. அவ்வலகு ஆதியிற் கோழியின் கலத்திலிருந்தே களவாடப்பட்டது எனப் பிசப்பும் வார்மசும் 1976இலே காட்டினர். மாட்டு வைரசிலும் எச்.ரி.எல்.வி.-1இலும் அத்தகைய களவுப் பொருள் எதுவும் இல்லை. அவற்றுக்கே உரிய சில சிறு பரம்பரையலகுகள் உள்ளன. அவற்றுள் முதன்மையானது ‘ராக்ஸ்’ என்னும் புரதத்தை ஆக்குவது. இப்புரதம் வைரசின் பெருக்கத்தைத் தூண்டுவதோடு, கலத்தின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் பல பொறிமுறைகளையும் குழப்பிவிடுகின்றது. ஆயின் அது தலைகாட்டும் கலத்தை உடலின் நிர்ப்பீடனத் தொகுதி இனங்கண்டு அழிக்கவும் செய்கின்றது. எனவே வைரசு பெரும்பாலும் மௌனமாய் இருக்கின்றது. புதிய துணிக்கைகளை வெளியிடுவதைவிட, தான் குடியிருக்கும் கலத்தைப் பிரியச் செய்து, அதனோடு தானும் பெருகுகின்றது. முற்றிய புற்றுக் கலங்களிற் பலவற்றிலே ‘ராக்ஸ்’ காணப்படுவதே இல்லை; 2002இலே இனங்காணப்பட்ட, எதிரிழையிலிருந்து உருவாகும் வேறொரு காரணியே அங்கு தொடர்ந்து செயற்படுகின்றது. மனிதரில் இவ்வைரசின் இருப்பிடம் ரி-குழியம்; மாட்டிலோ பி-குழியம்.

இம்மௌனத்தின் விளைவுகள் இரண்டு. ஒன்று, நோய் வெளிப்பட நெடுங்காலம் எடுப்பது. தொற்றுடைய மனிதரிற் பெரும்பாலோர் புற்றின்றியே வாழ்ந்து முடிக்கின்றனர். குழந்தைப் பருவத்தில் வைரசைப் பெற்றோரில் ஏறத்தாழ 2 முதல் 5 சதவீதத்தினர் பல தசாப்தங்களின் பின்னர் வெண்குருதிப்புற்றுக்கு ஆளாகின்றனர். வேறு சிலரைக் கால்களை முடக்கும் முள்ளந்தண்டு நோய் பீடிக்கின்றது. இத்தொடர்பு 1985இலே மார்ட்டினிக்கிலும் அடுத்த ஆண்டு யப்பானின் ககோசிமாவிலும் காட்டப்பட்டது. மாடுகளிலும் நிலைமை ஒத்ததே. தொற்றுடையவற்றில் மூன்றிலொரு பங்களவில் வெண்குழியங்கள் பெருகும். கட்டி தோன்றுவது சுமார் 5 சதவீதத்துக்கும் குறைவானவற்றில். மற்றையது, வைரசு காற்றாலோ நீராலோ பரவாமை. உயிருள்ள குழியம் ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்குச் செல்லவேண்டும். மனிதரிலே தாய்ப்பால், உடலுறவு, குருதியேற்றல், பகிரப்படும் ஊசி ஆகியன அவ்வழிகள். மாடுகளிலே ஒரே ஊசி பல மாடுகளுக்கு ஏற்றப்படல், கொம்பு வெட்டும் கருவி, காதிற் குறியிடும் கருவி, சினைப் பரிசோதனைக்கு மாற்றாது அணியப்படும் கையுறை, கடிக்கும் ஈக்கள், சிறுபான்மை கடும்புப் பால் ஆகியன. சுவீடனிலே உண்ணிக் காய்ச்சலுக்கு எதிராக மாட்டுக் குருதியைக் கொண்டே தயாரித்த தடுப்பூசியும் இவ்வைரசைப் பரப்பியதுண்டு. சுருங்கக் கூறின், மந்தையைப் பெருந்தொகையாக நிர்வகிக்கும் தொழில்நுட்பமே மாட்டு வைரசின் பிரதான வாகனம்.

அங்ஙனமாயின் ஒழிப்பது எளிது. குருதியைப் பரிசோதித்து, தொற்றுடைய மாடுகளைப் பிரிக்கலாம் அல்லது கொல்லலாம். மாடுகளின் இந்நோயை 1871இலேயே லைசரிங் விவரித்திருந்தார். கிழக்குப் பிரசியாவிலும் பால்டிக் கரைகளிலும் அது மிகுந்திருந்தது. டென்மார்க் 1959இலே, வைரசு கண்டுபிடிக்கப்படுவதற்குப் பத்தாண்டுகள் முன்னரே, வெண்குழிய எண்ணிக்கையை மட்டும் அளவுகோலாகக் கொண்டு ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. காரணம் தெரியாதபோதும் ஒழிப்புத் தொடங்கக்கூடும் என்பதற்கு இது தக்க சான்று. வெண்ணெய், இறைச்சி, இனவிருத்திக் கால்நடை ஆகியவற்றின் ஏற்றுமதியை நம்பியிருந்த நாட்டின் அவசரம் அது. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1964இலே கால்நடை வாணிபம் பற்றி வெளியிட்ட பணிப்புரையும் அதன் திருத்தங்களும் எல்லை கடக்கும் மாட்டுக்குத் தொற்றின்மைச் சான்றிதழைக் கோரியதும், ஏனைய நாடுகளும் பின்தொடர்ந்தன. பிரித்தானியா 1999இலே தொற்றற்றதாக அறிவிக்கப்பட்டது. அவுஸ்திரேலியாவின் பாற்பண்ணை மந்தைகள் 2012 இறுதியில் அந்நிலையை எட்டின.

இதிலிருந்து, முதலாளித்துவம் மாட்டின் நலத்தைப் பேணுகின்றது என முடிவுசெய்தல் தவறாகும். ஐக்கிய அமெரிக்காவிலே தேசிய ஒழிப்புத் திட்டம் எதுவும் மேற்கொள்ளப்படவில்லை. 2007ஆம் ஆண்டு அரசாங்கக் கணிப்பின்படி அந்நாட்டுப் பாற்பண்ணைகளில் 83.9 சதவீதமானவற்றிலே தொற்று இருந்தது. 2018இலே வெளியான, பதினொரு மாநிலங்களின் 103 மந்தைகள் பற்றிய ஆய்வு, 94.2 சதவீதமான மந்தைகளிலும், சராசரியாகப் பசுக்களில் 46.5 சதவீதத்திலும் தொற்றைக் கண்டது. கட்டி தோன்றுவது பெரும்பாலும் வயது முதிர்ந்த பசுக்களில். கைத்தொழில்மயமான பண்ணையிலோ பசு கறவை குறைந்தவுடன், ஐந்தாறு வயதளவிலேயே கொல்களத்துக்கு அனுப்பப்படுகின்றது. நோய் முற்றுமுன் உற்பத்திச் சாதனம் தேய்மானக் கணக்கில் எழுதித் தள்ளப்படுகின்றது. தொற்றுடைய மாடுகள் பாதிக்குப் பாதி என்றாகிவிட்ட மந்தையிலே அவற்றை நீக்குவதற்கான செலவு, வைத்திருப்பதால் வரும் இழப்பிலும் அதிகம். ஆகவே வைரசு அங்கு தங்கிவிட்டது. ஒழித்ததும் ஒழிக்காததும் ஒரே கணக்கின் இரு விடைகள்.

அவ்வாறாயின், அம்மாடுகளின் பாலை அருந்துவோர் கதி யாது என்னும் வினா எழுதல் இயல்பே. 1974இலே, தொற்றுடைய பசுக்களின் பாலைப் பிறந்தது முதலே ஊட்டி வளர்க்கப்பட்ட ஆறு சிம்பன்சிக் குட்டிகளுள் இரண்டு வெண்குருதிப்புற்றால் இறந்ததாக அறிக்கை வந்தது. ஆயின் அவற்றிலே வைரசு காட்டப்படவில்லை. அக்காலப் பரிசோதனைகள் மனிதரிடம் இவ்வைரசுக்கான பிறபொருளெதிரியைக் காணவில்லை. கலிபோர்னியாவின் பேர்க்கிலியில் கேட்ரூட் பியூரிங் குழுவினர் 2003இலே, நுண்ணிய முறையொன்றைக் கையாண்டு 257 பேரில் 74 சதவீதத்தினரிடம் அவற்றைக் கண்டதாகவும், 2015இலே மார்புப் புற்றுடைய பெண்களின் இழையங்களில் 59 சதவீதத்திலும் புற்றில்லாதோரில் 29 சதவீதத்திலும் வைரசின் டீ.என்.ஏ.யைக் கண்டதாகவும் வெளியிட்டனர். மறுபுறம், பெல்ஜியத்தின் ஜில்லே, வில்லெம்ஸ் ஆகியோர் 2016இலே 51 மார்புப் புற்றுகளின் முழுப் பரம்பரை ஒழுங்குகளை ஆராய்ந்து ஒன்றிலேனும் அவ்வைரசைக் காணவில்லை. சீனாவின் ஆய்வொன்றும் பிறபொருளெதிரியைக் காணவில்லை. தொடர்பு காட்டப்படினும் அது காரணமாகாது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். 1996இலே எச்.ரி.எல்.வி.-1ஐ மனிதப் புற்றுக்காரணி என உறுதியாக வகைப்படுத்திய சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் மாட்டு வைரசை அவ்வாறு வகைப்படுத்தவில்லை. பாலை உரியமுறையிற் பாச்சர் முறைப்படி சூடாக்கினால் வைரசு அழிகின்றது என்பதில் கருத்து வேறுபாடில்லை. முன்னொருகாலத்து மனித வைரசு வதந்திகளை நினைவிற் கொண்டோர் இவ்விடயத்திற் பொறுமை காப்பதே முறை.

மனித வைரசைத் தடுப்பதற்கான அறிவோ நாற்பதாண்டுகளாகக் கைவசம் உள்ளது. யப்பான் 1986இலே குருதிக் கொடையைப் பரிசோதிக்கத் தொடங்கியது. நாகசாக்கி மாகாணம் 1987 முதல் கர்ப்பிணிகளைப் பரிசோதித்து, தொற்றுடைய தாய்மாருக்குத் தாய்ப்பாலைத் தவிர்க்கும் ஆலோசனையை வழங்கியது. நீண்டகாலம் தாய்ப்பால் ஊட்டப்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 20 சதவீதத்துக்குத் தொற்றிய வைரசு, பால்மா ஊட்டப்பட்டோரில் 2.5 சதவீதத்தளவுக்கே தொற்றியது. இத்துணைத் தெளிவான பயன் காணப்பட்டும், 1990களின் தொடக்கத்திலே தேசிய மட்டத்திலான பரிசோதனை தேவையில்லை என அரசின் ஆய்வுக்குழு முடிவுசெய்தது. நோய் தென்மேற்குக்கு உரியது, தானாகவே மறையும் என்பது அதன் தருக்கம். கியூசுவும் ஒக்கினாவாவும் யப்பானிய முதலாளித்துவத்துக்கு உழைப்பாளரை வழங்கிய விளிம்புப் பிரதேசங்கள். அங்கிருந்து தோக்கியோவுக்கும் ஒசாக்காவுக்கும் வேலைதேடிச் சென்றோருடன் வைரசும் சென்றது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின்னர் நடத்தப்பட்ட கணிப்பு தொற்றுடையோர் சுமார் பத்து இலட்சத்து எண்பதாயிரம் பேர் எனக் கண்டது. 1980களின் இறுதியில் மதிப்பிடப்பட்ட பன்னிரண்டு இலட்சத்திலிருந்து பெரிதாகக் குறையவில்லை. நோயாளர் அமைப்பினர் தொடர்ந்து போராடி, 2010 செப்ரெம்பரில் பிரதமர் நவோத்தோ கானைச் சந்தித்த பின்னரே கர்ப்பிணிகள் அனைவருக்குமான பரிசோதனை நாடளாவியதாயிற்று. இருபது ஆண்டுகளில் வைரசைப் பற்றிய அறிவிலே இதற்கு இன்றியமையாத மாற்றம் எதுவும் நிகழவில்லை. மாறியது நோயாளர் ஓர் அமைப்பாகத் திரண்டமை.

நாகசாக்கியின் வழியை அப்படியே பிற நாடுகளுக்கு எடுத்துச் செல்லலாமா என்பது வேறு வினா. சுத்தமான நீரும் போதிய வருமானமும் இல்லாத இடத்தில் தாய்ப்பாலை நிறுத்தினால், நாற்பது ஆண்டின் பின் வரக்கூடிய புற்றுக்குப் பதிலாக நான்கு மாதத்தில் வயிற்றோட்டம் குழந்தையைக் கொல்லும். பால்மாக் கம்பனிகளின் விளம்பரங்களுக்கு எதிராக 1981இலே உலக சுகாதார நிறுவனம் சர்வதேச நெறிக்கோவை ஒன்றை ஏற்க நேர்ந்த வரலாற்றை இங்கு மறத்தலாகாது. குறுகிய காலம் தாய்ப்பால் ஊட்டி நிறுத்துவது பற்றிய ஆய்வுகள் நடந்துள்ளன. ஆயின் எத்தாய்க்கும் அத்தெரிவு கிட்டுவதற்கு முதலில் பரிசோதனை வேண்டும். கரிபியனிலும் ஆபிரிக்காவிலும் பெரும்பாலான கர்ப்பிணிகளுக்கு அது கிடைப்பதில்லை. உலகில் அறியப்பட்ட பிரதேசங்களை மட்டும் கொண்டே தொற்றுடையோர் 50 இலட்சம் முதல் 1 கோடி வரையினர் என 2012இலே மதிப்பிடப்பட்டது. ஆபிரிக்காவின் பெரும்பகுதிக்கும் இந்தியாவுக்கும் நம்பத்தகுந்த கணக்கே இல்லாமையால் அத்தொகை குறைமதிப்பீடே.

அவுஸ்திரேலியாவிலே இம்முரண்பாடு ஒரே தேசத்தின் எல்லைக்குள் காணக்கிடக்கின்றது. மத்திய அவுஸ்திரேலியாவின் ஆதிக்குடிகளிடையே இவ்வைரசு உண்டு என்பது 1980களின் பிற்பகுதியிலேயே தெரியவந்தது. அலிஸ் ஸ்பிரிங்ஸ் மருத்துவமனையைத் தளமாகக் கொண்டு லொயிட் ஐன்சீடல் முதலியோர் நடத்திய ஆய்வுகள், சில சமூகங்களில் வயதுவந்தோரில் 40 சதவீதத்துக்கு மேற்பட்டோரிடம் தொற்றைக் கண்டன. உலகிலே பதிவான மிக உயர்ந்த வீதங்களுள் இஃது ஒன்று. அங்கு இவ்வைரசு வெண்குருதிப்புற்றைவிட, சுவாசக் குழாய்கள் விரிந்து சிதையும் நோயுடனும் அகால மரணங்களுடனும் தொடர்புடையதாய்க் காணப்படுகின்றது. நகரத்து நோயாளிக்கு ஏற்றப்படும் கொடைக் குருதி நீண்டகாலமாகவே பரிசோதிக்கப்படுகின்றது. பாற்பண்ணை மந்தைகள், முன்னர் கண்டவாறு, 2012இலே சுத்தமாயின. பாலைநிலத்துச் சமூகங்களுக்கோ அவ்வாண்டிலே ஒரு தடுப்புத் திட்டந்தானும் இருக்கவில்லை. மந்தைக்கு ஏற்றுமதிச் சந்தை இருந்தது. நிலத்தைப் பறிகொடுத்த அம்மக்களின் உழைப்புக்கோ சந்தையில் இடமில்லை.

2018 மே மாதத்திலே மார்ட்டின், தகாயா ஆகியோருடன் முன்னர் குறிப்பிட்ட கலோவும் சேர்ந்து, இவ்வைரசை ஒழிக்க நடவடிக்கை எடுக்குமாறு உலக சுகாதார நிறுவனத்துக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினர். அதே ஆண்டிலே அவுஸ்திரேலிய மத்திய அரசு, தொலைதூரச் சமூகங்களின் தொற்றுநோய்களை, இவ்வைரசு உட்பட, ஆராய்வதற்கு 80 இலட்சம் டொலரை அறிவித்தது. உலக சுகாதார நிறுவனம் இவ்வைரசு பற்றிய தொழில்நுட்ப அறிக்கையை 2021இலே வெளியிட்டது; வைரசு கண்டுபிடிக்கப்பட்டு அப்போது நாற்பத்தொரு ஆண்டுகள் ஆகியிருந்தன. வெண்குருதிப்புற்று முற்றியோருக்கான புதிய மருந்தொன்று 2012இலே யப்பானில் அங்கீகாரம் பெற்றது. ஆயின் அதனாலும் நீண்டகாலம் உயிர்பிழைப்போர் சிலரே. நோய் வருமுன் காக்கும் தடுப்பூசி எதுவும் மனிதருக்கு அங்கீகரிக்கப்படவில்லை.